அறுநூறு டொலரும் ஏழு பேர்ச்சஸும்

ஜோன் ஸ்டீன்பெக் 1937இல் வெளியிட்ட ‘ஒவ் மைஸ் அன்ட் மென்’ என்ற சிறு நாவலைப் பற்றி, ஆங்கில இலக்கியம் கற்பிப்போரும் கற்போரும் வழக்கமாக எழுதும் வாக்கியம் ஒன்று உண்டு. எட்டாத கனவுகளுக்கும் மனிதனின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலைகளுக்கும் இடையே நசுங்கிப் போன எளிய மனிதர்களின் கதை என்பதே அது. வாக்கியத்தில் பெரிய குறையொன்றுமில்லை. எனினும், ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் நீண்ட காலம் செய்தி சேகரித்துத் திரிந்த ஒருவனுக்கு, ‘எட்டாத’ என்ற சொல்லும் ‘அப்பாற்பட்ட’ என்ற சொல்லும் காலை இடறுகின்றன. யாருக்கு எட்டாதது? யாருடைய கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது? அண்மையில் அந்த நாவலை மீண்டும் வாசித்தபோது இந்தக் கேள்விகள் விடாமல் தொந்தரவு செய்தன. அதனால் எழுந்ததே இக்கட்டுரை.

நாவலை வாசிக்காத நண்பர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் சொலிடாட் என்ற சிற்றூருக்கு அருகே உள்ள பண்ணையொன்றுக்கு ஜோர்ஜ், லெனி என்ற இரு கூலித் தொழிலாளர்கள் வேலை தேடி வருகின்றனர். ஜோர்ஜ் சிறிய உருவம், கூரிய புத்தி. லெனி மலை போன்ற உடலும் குழந்தையின் மனமும் கொண்டவன். மென்மையான எதையும் தடவிப் பார்க்க ஆசைப்படுவான். தன் கைகளின் பலம் அவனுக்குத் தெரியாது. சுண்டெலி, நாய்க்குட்டி என்று அவன் ஆசையாகத் தடவியவை எல்லாம் செத்துப் போகின்றன. இறுதியில் பண்ணை முதலாளியின் மகனான கேர்லியின் மனைவியும் அவனது கையில் தற்செயலாக இறந்து போகிறாள். துரத்தி வரும் கூட்டத்திடம் அவன் சிக்கிச் சிதைவதற்கு முன்பாக, ஜோர்ஜே ஆற்றங்கரையில் வைத்து, அவர்களுடைய கனவை அவனுக்குச் சொல்லிக்கொண்டே அவனைச் சுட்டுக் கொல்கிறான். வியாழன் மாலை தொடங்கும் கதை ஞாயிறு மாலை முடிந்துவிடுகிறது.

அந்தக் கனவுதான் என்ன? பத்து ஏக்கர் நிலம், சிறிய வீடு, கோழிகள், லெனி புல் போட்டு வளர்ப்பதற்குக் கொஞ்சம் முயல்கள். விரும்பாத நாளில் வேலைக்குப் போகாமல் இருக்கலாம். ஒரு நண்பன் வந்தால் தங்க வைக்கலாம். அரண்மனையோ அரியாசனமோ அவர்கள் கேட்கவில்லை. விலை அறுநூறு டொலர். பண்ணையில் ஒரு கையை இழந்த முதியவர் கேன்டி, நட்ட ஈடாகக் கிடைத்த பணத்தையும் சேமிப்பையும் சேர்த்து முந்நூறு டொலர் தருவதாக முன்வந்தவுடன், கணக்குத் திடீரென்று நேராகிவிடுகிறது. மாத முடிவில் மூவரின் சம்பளத்தையும் சேர்த்தால் நானூற்றைம்பது கைக்கு வரும், மிச்சத்தைத் தான் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து அடைக்கலாம் என்று ஜோர்ஜ் மனக்கணக்குப் போடுகிறான். அதாவது, பொதுவாகச் சொல்லப்படுவதற்கு மாறாக, அந்தக் கனவு ஒரு மாதத் தூரத்தில் நிற்கிறது. வெள்ளி இரவில் எட்டிவிட்டது போலிருந்தது ஞாயிற்றுக்கிழமை இல்லாமற் போகிறது.

இந்த இடத்தில் நமது ஊர்க் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். ஜோர்ஜும் லெனியும் ஆசைப்பட்டது 1600 பேர்ச்சஸ். தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்துவரும் மலையகத் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு, ஒரு பெரிய அரசியல் வாக்குறுதியாக முன்வைக்கப்பட்டது ஏழு பேர்ச்சஸ். அதில் வீடும் வந்து, ஓரத்தில் நாலு கீரைப் பாத்தியும் வர வேண்டும். மேடைகளில் அந்த ஏழு பேர்ச்சஸ் ‘கனவு’ என்றே வர்ணிக்கப்பட்டது. கனவு என்ற சொல்லின் அளவை இவ்வளவு சுருக்க முடியும் என்று ஸ்டீன்பெக்கும் நினைத்திருக்க மாட்டார்.

நாவலில் வரும் பண்ணையின் விடுதியை எண்ணிப் பாருங்கள். நீண்ட கட்டடம், வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் சவர்க்காரமும் சவர அலகும் வைத்துக்கொள்ள ஓர் அப்பிள் பெட்டி. ஒரு மனிதனின் சொத்து அந்தப் பெட்டிக்குள் அடங்கிவிடும். வேலை போனால் கட்டிலும் போகும். எங்கள் லயங்களை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதற்குள் மூன்று தலைமுறை. பதுளையை அடுத்த ஹாலி எலப் பகுதியில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப், ‘மீன்கள்’ என்ற சிறுகதையில் இந்தக் காம்பராவின் இருட்டைத்தான் எழுதினார். வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்துறங்க வேண்டிய ஒரு தகப்பனின் வெட்கத்தை அவரைப் போல் தமிழில் எழுதியவர் வேறொருவரை நான் அறியேன்.

லயத்தில் வேலையும் கூரையும் ஒரே செக்ரோலில் கட்டுண்டு கிடப்பவை. காலையில் பெரட்டுக் களத்துக்குப் போகிறவனின் பெயர் பதிவேட்டில் இருக்கும் வரைதான் காம்பராவும் அவனுக்கு. சி.வி. வேலுப்பிள்ளையின் நாவல் ஒன்றின் பெயரே ‘வீடற்றவன்’. சங்கம் கட்ட முனைந்த தொழிலாளி வேலையை இழக்கிறான். வேலையோடு இருப்பிடத்தையும் இழக்கிறான். கேன்டி என்ற அந்த முதியவரின் அச்சமும் இதுவேயாகும். கூட்டிப் பெருக்கவும் இயலாத நாள் வந்தால் தன்னைத் துரத்திவிடுவார்கள் என்று அவர் அஞ்சுகிறார். அவருடைய கிழட்டு நாயை, நாறுகிறது என்று சொல்லி வெளியே கொண்டுபோய்ச் சுடும் இடம், நாவலில் நான் அடிக்கடி நின்று திரும்பிப் படிக்கும் இடம். துப்பாக்கிச் சத்தம் கேட்கும் வரை விடுதிக்குள் இருந்தோர் ஒருவரோடொருவர் பேசுவதற்கு விடயம் தேடித் திணறுவார்கள். தோட்டங்களில் வேலையிலிருந்து நின்றுவிட்ட கிழவனோ கிழவியோ, மகனாவது மருமகளாவது பேர் பதிந்து அந்தக் காம்பராவைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமே என்று படும் பாட்டைக் கண்டவர்களுக்கு, கேன்டியின் மௌனத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.

ஸ்டீன்பெக் இந்த நாவலுக்கு முதலில் வைத்திருந்த பெயர், ‘நடந்துவிட்ட ஏதோ ஒன்று’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடர். பின்னரே ஸ்கொட்லாந்துக் கவிஞர் ரொபர்ட் பேர்ன்ஸ் ஒரு சுண்டெலியை முன்னிலைப்படுத்தி 1785இல் எழுதிய கவிதையிலிருந்து இப்போதைய தலைப்பை எடுத்தார். முதல் தலைப்புத்தான் அவருடைய நோக்கத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. யாரையும் குற்றஞ்சாட்டாமல், நடந்ததை நடந்தவாறே காட்டுவது. ஒரு கலைஞனின் நிதானம் அது. நாவலின் அழகும் அதிலேயே தங்கியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் வாசகனுக்கு அந்த நிதானம் கட்டாயமில்லை. நாவலுக்குள்ளேயே அதற்குச் சான்றிருக்கிறது. குதிரை லாயத்தில் தனித்து வாழும் குரூக்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தைப் பற்றிய கனவோடு வந்துபோன நூற்றுக்கணக்கானோரைத் தான் கண்டதாகவும், ஒருவனுக்கும் அது கிடைக்கவில்லை என்றும் சொல்லி அவன் முதலில் எள்ளி நகையாடுகிறான். பிறகு, கேன்டியிடம் உண்மையாகவே பணமிருக்கிறது என்று தெரிந்ததும் அவனுக்கும் ஆசை துளிர்க்கிறது. சம்பளம் வேண்டாம், சாப்பாடு போட்டால் போதும், நானும் வந்து உழைக்கிறேன் என்கிறான். சில நிமிடங்கள்தான். கேர்லியின் மனைவி உள்ளே வருகிறாள். தான் நினைத்தால் அவனை மரத்தில் தொங்கவிட முடியும் என்று மிரட்டுகிறாள். அவள் சென்றபின், தான் சொன்னதை மறந்துவிடுமாறு குரூக்ஸ் கேன்டியிடம் சொல்லிவிடுகிறான். இங்கே கனவு உடைந்தது விதியாலா? ஒரு மிரட்டலால். அந்த மிரட்டலைச் செல்லுபடியாக்கும் ஓர் ஒழுங்கு வெளியே இருந்தது. குரூக்ஸின் அறையிலுள்ள சில நூல்களில் ஒன்று 1905ஆம் ஆண்டின் கலிபோர்னியா குடியியல் சட்டத் தொகுப்பு என்பதை ஸ்டீன்பெக் போகிற போக்கில் எழுதிச் செல்கிறார். தாள் கிழிந்த சட்டப் புத்தகம். அதை வைத்திருந்தும் அவனுக்குப் பயனில்லை.

மிரட்டியவளுக்கும் நாவலில் பெயரில்லை. அவள் கேர்லியின் மனைவி, அவ்வளவுதான். சினிமாவில் நடிக்கும் கனவொன்று அவளுக்கும் இருந்தது. தன்னிலும் கீழே இருப்பவனை மிரட்டுவதில் மட்டுமே அவளுக்கு அதிகாரம் இருந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். தோட்டங்களில் கங்காணிகளின் கதையும் பெரும்பாலும் இத்தகையதே.

நமது மண்ணுக்கு வருவோம். ‘தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்பது பழமொழி. மலையகத் தமிழரின் வாழ்வைச் சொன்ன முன்னோடி நாவல்களில் ஒன்றுக்குக் கோகிலம் சுப்பையா 1964இல் இட்ட பெயரும் ‘தூரத்துப் பச்சை’ தான். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்பிடிக்க வந்த கங்காணிகள் சொன்னதாக ஒரு கதை இன்றும் லயங்களில் சொல்லப்படுகிறது. பஞ்சத்தில் அடிபட்டிருந்த திருச்சி, சேலம், புதுக்கோட்டைக் கிராமத்து மக்கள் அதை நம்பியது அவர்களுடைய அறியாமை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வயிறு காய்ந்தவனிடம் போய் அளந்து கனவு காணச் சொல்வது சாப்பிட்டவனின் வேலை. வந்தவர்களுக்குத் தேயிலைத் தூரில் கிடைத்தது கடன். ஒருவனின் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அதைப் பொறுப்பேற்கும் புதிய கங்காணி வாங்கிக்கொண்டால்தான் இடம் மாறலாம். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை அந்த முறை நீடித்தது. துண்டு ஒழிந்தது, கடன் ஒழியவில்லை. தீபாவளி முற்பணம் வாங்கி, அது கழிந்து முடிவதற்குள் அடுத்த தீபாவளி வந்து நிற்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

‘அப்பாற்பட்ட சூழ்நிலை’ என்ற தொடர் எனக்கு அதிகம் உறுத்துவது இதற்குப் பிறகு நடந்தவற்றைப் பார்க்கும்போதுதான். 1947 பொதுத் தேர்தலில் மலையகத் தமிழர் தம் பிரதிநிதிகளாக ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். பதுளைத் தொகுதியிலும் எஸ்.எம். சுப்பையா வெற்றி பெற்றார். 1948இல் வந்தது 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் பறிபோனது. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பின்னர் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையில் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மனிதர்கள் பங்கு பிரிக்கப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். 1974இல் அந்த மிச்சமும் ஆளுக்குப் பாதியாக, எழுபத்தையாயிரம் வீதம், பிரிக்கப்பட்டது. பிரிக்கப்பட்டவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. இவற்றுள் எது இயற்கை? எது விதி? ஒவ்வொன்றுக்கும் திகதி இருக்கிறது, இலக்கம் இருக்கிறது, ஒப்பமிட்ட பேனாவும் இருந்திருக்கிறது.

பதுளைக்கு ரயில்பாதை வந்தது 1924இல். தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டு போவதற்காகப் போடப்பட்ட அந்தப் பாதை, உடன்படிக்கைக்குப் பின்னர் மனிதர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டு சென்றது. எங்கள் மக்கள் ரயிலைக் ‘கோச்சி’ என்பார்கள். அந்த ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அண்ணன் போக, தம்பி நிற்க. மகளைக் கட்டிக்கொடுத்த வீடு இங்கே, தாய்க்குக் கடவுச்சீட்டு அங்கே. கப்பலேறியவர்கள் மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, பலர் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய் மறுபடி தேயிலைக் காட்டிலேயே நின்றார்கள். ‘ஊருக்குப் போகிறோம்’ என்று புறப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் பச்சை மறுகரையிலேயே தெரிந்தது.

ஓர் இடைச்செருகல். சூழ்நிலை எல்லோரையும் ஒரே விதமாகத்தான் புரட்டிப் போடுமா என்பதற்கும் ஊவாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இலங்கையின் கோப்பிச் செய்கையை அழித்த இலைத்துரு நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1869இல், நமது மடுல்சீமைப் பகுதியில். அந்நோய் கோப்பித் துரைமாரைக் கடனாளியாக்கியது. பல ஆயிரம் தொழிலாளரை நடுத்தெருவில் நிறுத்தியது. ஆனால் தோட்டங்களின் விலை விழுந்து கிடந்த அந்த நேரத்தில், 1890இல், ஹப்புத்தளைப் பக்கம் வந்து தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனுக்கு அது வாசலைத் திறந்துவிட்டது. கிளாஸ்கோ நகரத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு பராயத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, வேர்ஜினியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவில் நெல் தோட்டத்திலும் வேலை செய்தவர். ஒரு வகையில் அவரும் ஜோர்ஜைப் போல மூட்டையைத் தோளில் போட்டு அலைந்தவர்தான். அவருடைய கனவு எட்டியது. அவர் அமர்ந்து தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மேட்டில் இன்று உல்லாசப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். லிப்டனின் உழைப்பையோ சாமர்த்தியத்தையோ நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவரிடம் முதல் இருந்தது, சட்டம் அவர் பக்கம் நின்றது, வாங்கிய காணிக்கு உறுதி எழுதிக் கொடுத்தார்கள். அதே மலையில் கொழுந்து பறித்தவளின் சாமர்த்தியத்துக்கு அரைப் பேரா முழுப் பேரா என்ற கேள்வியே மிஞ்சியது.

காணியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானபோது, உழுதவனுக்கு நிலம் என்ற சுலோகத்தைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் நம்பிக்கையோடு இருந்தார்கள். தேயிலையை நட்டவர்களுக்கு ஒரு துண்டும் கிடைக்கவில்லை. பல தோட்டங்களில் இருந்த இடத்தையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1977இல் டெவன் தோட்டத்தில், காணிகள் பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, வேலை தொழிலாளிக்கு என்ற ஏற்பாட்டில், வீடு கட்ட ஓர் அடி மண் யாரிடம் கேட்பது என்பதே தெரியாமல் போயிற்று. ஸ்டீன்பெக் 1939இல் எழுதிய ‘த கிரேப்ஸ் ஒவ் ராத்’ நாவலில் இதே குழப்பம் வருகிறது. நிலத்திலிருந்து விரட்டப்படும் குத்தகை விவசாயி ஒருவன், யாரைச் சுடுவது என்று கேட்பான். உழவு இயந்திரத்தை ஓட்டி வருபவன் கம்பனியையும் வங்கியையும் காட்டுவான். அங்கே சுடுவதற்கு ஒரு மனிதன் இருக்க மாட்டான். இரண்டே ஆண்டுகளில் ‘நடந்துவிட்டது’ என்பதிலிருந்து ‘செய்தது யார்’ என்ற கேள்விக்கு ஸ்டீன்பெக் நகர்ந்துவிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. முதல் நாவலைப் போற்றுவோர் பலர் இந்த நகர்வைப் பற்றிப் பேசுவதில்லை.

மழை, மண்சரிவு போன்றவையாவது மனிதனின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவையல்லவா என்று நண்பர்கள் கேட்கலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை இடிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வாசலும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. மறுநாள் தொடக்கம் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் ‘இயற்கை அனர்த்தம்’, ‘இயற்கையின் சீற்றம்’ என்ற சொற்களே நிரம்பி வழிந்தன. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மழையை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. லயத்தை இடம் மாற்றியிருக்கலாம். ஒன்பது ஆண்டுகள் இருந்தன. மக்கள் தாமாகவே வேறிடம் போயிருக்கக் கூடாதா என்று கொழும்பில் ஒரு கனவான் என்னிடம் கேட்டார். எங்கே போவது? சொந்தமாக ஒரு பேர்ச் காணியும் இல்லாதவன், வேலையோடு கட்டிய காம்பராவை விட்டு எங்கே போவான்? உயிர் தப்பியவர்களுக்குப் புதிய வீடுகள் கிடைக்க ஈராண்டு ஆனது. அதுவரை பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றே பலருக்கு வீடு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் பதுளை மாவட்டத்தின் சரிவுகள் மீண்டும் இடிந்தன. மீண்டும் அதே சொற்கள். எங்கள் தொழிலில் செயப்பாட்டு வினைக்கு ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. ‘வீடுகள் மண்ணில் புதைந்தன’ என்று தலைப்பிட்டால் எழுவாயைத் தேடும் சிரமம் இல்லை.

நான் நாவலை அரசியல் பிரசுரமாக்குகிறேன் என்று சிலர் குறைபடக்கூடும். லெனியின் கைகளின் பலத்துக்கு எந்தச் சட்டம் பொறுப்பு, எந்த முதலாளி பொறுப்பு என்று அவர்கள் கேட்டால், ஒருவரும் இல்லை என்பதே என் பதில். மனித வாழ்வில் யாருடைய கையொப்பமும் இல்லாத துயரங்கள் உண்டு. அவற்றை எழுதுவதற்கு இலக்கியத்தைவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் அந்த நாவலின் முடிவில் ஒரு நுணுக்கமான இடத்தைப் பலர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். கேர்லியின் மனைவியின் உடலைக் கண்ட பிறகு, நாம் இருவருமாவது அந்த நிலத்தை வாங்கிப் போகலாமா என்று கேன்டி ஜோர்ஜிடம் கெஞ்சும் தொனியில் கேட்கிறார். பணம் அப்படியே இருக்கிறது. நிலமும் அங்கேயே இருக்கிறது. லெனி ஒருவன்தான் இல்லாமற் போகப் போகிறான். ஜோர்ஜ் மறுத்துவிடுகிறான். இது நடக்காதென்று தனக்கு முதலிலிருந்தே தெரியும், லெனிக்குக் கேட்கப் பிடித்ததால் சொல்லிச் சொல்லித் தானும் நம்பத் தொடங்கியதாகச் சொல்கிறான்.

இதை வாசித்த ஒவ்வொரு முறையும் கேன்டிக்காகவே எனக்கு வலித்தது. ஜோர்ஜ் இளைஞன், வேறு பண்ணைக்குப் போவான். கையில்லாத கிழவன் முந்நூறு டொலரை வைத்துக்கொண்டு வைக்கோலில் படுத்துக் கிடக்கிறான். காசு இருக்கிறது, ஆசை இருக்கிறது, வயது மட்டும் இல்லை. எங்கள் தோட்டங்களில் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கேன்டிகள். பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் போய்விட்டார்கள். பதுளையிலேயே 2005இல் பல்கலைக்கழகம் வந்த பிறகு படித்து வெளியேறியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தோட்டத்து ஏழு பேர்ச்சஸ் ஒரு கனவாகவே தோன்றாதிருக்கலாம். அது அவர்களுடைய உரிமை. ஆனால் தாமதம் தானாக நேர்வதில்லை. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையகத்துக்கு மேலும் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். அத்திட்டத்தின் பயனாளிகள் சுமார் இரண்டாயிரம் பேருக்கு வீட்டுரிமைக்கான சான்றிதழ்களை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பண்டாரவளையில் வைத்து வழங்கியது 2025 ஒக்டோபரில். எட்டு ஆண்டுகள். அறுபது வயதில் கேட்ட செய்திக்கு அறுபத்தெட்டில் கடதாசி. அப்போதும் கையில் கிடைத்தது வீடல்ல, வீட்டுக்கான பத்திரம்.

சான்றிதழை நான் ஏளனம் செய்யவில்லை. கடதாசியின் அருமை கடதாசியால் வஞ்சிக்கப்பட்டவர்களுக்குத் தெரியும். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஒரு பொலித்தீன் பையில் தம் குடும்பத்தின் கடதாசிகளையெல்லாம் சுற்றி வைத்திருக்கிறார். தகப்பனார் 1950களின் தொடக்கத்தில் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட கடிதம், இந்தியாவுக்குப் போன தமையன் மண்டபத்திலிருந்து எழுதிய தபால் அட்டை, தமக்கு எண்பதுகளில் கிடைத்த பிரஜாவுரிமைச் சான்று, மனைவியின் சேமலாப நிதிப் பற்றுச்சீட்டு. குரூக்ஸின் சட்டப் புத்தகம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, மடிக்காமல், இந்தப் புதிய சான்றிதழ்.

“ஐயா, நீங்க படிச்சவங்க. இது உறுதியா, இல்ல வெறும் கடுதாசியா?” என்று கேட்டார்.

பதிவு இலக்கம் விழுந்திருக்கிறதா என்று பதுளைக் காணிப் பதிவகத்தில் கேட்டுப் பாருங்கள் என்றேன். புதன்கிழமை போவதாகச் சொன்னார். தனியாக பஸ் ஏற முடியாது, மகனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அவனுக்கு அன்றைக்கு ஒரு பேர் போகும் என்று சொல்லிக்கொண்டே பையை மறுபடி சுற்றி இறப்பில் செருகினார்.